கனல் தேடும் கேமரா

கோடை நெருங்கி நீரில் உப்பேறத் தொடங்கினால், கும்பளங்கியின் காயல் ராத்திரியில் நீலமாகப் பற்றிக்கொள்ளும். துடுப்பு விழுந்த இடமெல்லாம் ஒளி தெறிக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கவரு' என்கிறார்கள். 2019-ல் வெளியான 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் அந்த ஒளியைப் பார்த்துவிட்டு, அதைத் தேடியே கொச்சியின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் தீவுக் கிராமத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த நீரை நோக்கி ஒரு தெர்மல் கேமராவைப் பிடித்தால் திரையில் ஒன்றும் இருக்காது. நீரில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வெளிச்சம் அது. வெளிச்சம் உண்டு, சூடு இல்லை.

அங்கிருந்து கிழக்கே, நகரத்தைத் தாண்டி, கடம்பிரையாற்றின் கரையில் இருக்கிறது பிரம்மபுரம். 2023 மார்ச்சில் அங்கே இருந்தது இதற்கு நேர் எதிரான ஒன்று: சூடு உண்டு, வெளிச்சம் இல்லை.

கொச்சி மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அது. பரப்பு சுமார் 110 ஏக்கர். 2023 மார்ச் 2-ம் தேதி பிற்பகல் பற்றிய தீயில், கண்ணுக்குத் தெரிந்த ஜுவாலைகள் சில நாட்களில் அடங்கிவிட்டன. நகரத்தை மூச்சுத் திணற வைத்தது அதற்குப் பிறகு வந்த புகை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்த பிளாஸ்டிக்கின் அடியில், பல அடி ஆழத்தில், நெருப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கொரோனா போனதும் மூட்டை கட்டி வைத்த முகக்கவசங்களை மக்கள் மறுபடி எடுத்தார்கள். கடற்படையும் விமானப்படையும் ஹெலிகாப்டரில் தொட்டி கட்டித் தண்ணீர் கொண்டுவந்து கொட்டின. மேலே கொட்டிய தண்ணீர் பிளாஸ்டிக் படலத்தில் வழிந்து ஓடியது. கனல் இருந்த ஆழத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

கடைசியில் வேலை செய்தது பழைய முறைதான். ஹிட்டாச்சி, ஜே.சி.பி. வண்டிகளால் குப்பையைக் கிளறிப் புரட்டி, திறந்த குழியில் தண்ணீரைப் பாய்ச்சுவது. இரவு பகலாக அதைச் செய்தார்கள். மார்ச் 11-ம் தேதி, நியூயார்க் தீயணைப்புத் துறையின் துணைத் தலைமை அதிகாரி ஜார்ஜ் ஹீலி இணையவழியாக ஆலோசனை சொன்னபோது, இந்தக் கிளறி நனைக்கும் முறையே சரி என்றார். கூடவே அவர் சொன்னவற்றில் ஒன்று: அணைந்த பகுதிகளைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு கண்காணியுங்கள்; மிச்சமிருக்கும் கனலை தெர்மல் கேமரா பொருத்திய ட்ரோனால் தேடுங்கள்.

மார்ச் 13-ம் தேதி தீ முழுவதுமாக அணைந்ததாக அறிவிக்கப்பட்டது. 17-ம் தேதி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதே கிடங்கின் ஒரு பகுதியில் மறுபடி தீ.

ஒரு தீ எப்போது அணைந்ததாகச் சொல்லலாம் என்ற கேள்வியை பிரம்மபுரம் இப்படித்தான் எழுப்பியது. புகை நின்றால் அணைந்தது என்று கண் சொல்லும். நீறு பூத்த நெருப்பைப் பற்றிக் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய தலைவலி இல்லை. சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரல் 27 அன்று பற்றி, நாள்கணக்கில் பள்ளிக்கரணைப் பக்கம் புகை கக்கியது. கோவை வெள்ளலூர்க் கிடங்கிலும் 2024 ஏப்ரலில் அதே கதை. இரண்டிலும் தீயணைப்பு வண்டிகள் நாட்கணக்கில் நின்று தண்ணீர் அடித்தன. எந்த இடத்தில் அடிப்பது என்பதைப் புகை வரும் திசையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தால், பாதித் தண்ணீர் வீண். குப்பையின் இடுக்குகளில் நுழைந்து வளைந்து வரும் புகை, எரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் வெளியேறும் என்பதில்லை.

சூட்டின் படம்

தெர்மல் கேமராவைப் பெரும்பாலானவர்கள் முதலில் பார்த்தது கொரோனாக் காலத்தில், விமான நிலைய வாசலில். நெற்றியைக் காட்டிவிட்டு நகர்ந்த அந்தத் திரைக்கும், தீயணைப்பு வீரர் கையில் பிடிக்கும் கருவிக்கும் அடிப்படை ஒன்றுதான். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மனித உடம்பு, பனிக்கட்டி, எரியும் மரம் எதுவும் விலக்கல்ல. கண் பார்க்கும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரானைச் சுற்றி இருக்கிறது. தெர்மல் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை. புகையில் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அவை கண்ணொளியைச் சிதறடித்துத் திரை போட்டுவிடும். பத்து மடங்கு நீளமான அலையைத் தடுக்க அவற்றால் முடிவதில்லை. டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவராகத் தெரியும் அறையில், இந்தக் கருவிக்கு மட்டும் மேஜையும் கதவும் ஆளும் தெரிவது இதனால்தான்.

இப்படி ஒரு ஒளி இருக்கிறது என்பதே 1800-ல்தான் தெரிந்தது. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எதுவும் தெரியாத இடத்தில் வைத்தபோது பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அதே நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவின் சாமுவேல் லாங்லி 'போலோமீட்டர்' செய்தார். சூடு பட்டால் மின்தடை மாறும் மெல்லிய உலோகப் பட்டைதான் அது. கால் மைல் தூரத்தில் நிற்கும் பசுவின் உடற்சூட்டைக்கூட அது கண்டுபிடித்துவிடும் என்று ஒரு கதை உண்டு. இன்றைய கேமராவுக்குள் இருக்கும் சில்லு, லாங்லியின் பட்டையைப் பல்லாயிரமாகச் சிறிதாக்கி வரிசையாக அடுக்கியதுதான். பெரும்பாலும் வனேடியம் ஆக்சைடால் ஆன ஒவ்வொரு புள்ளியும், தன் மேல் விழும் கதிரால் துளி சூடேறி, அந்த மாற்றத்தை மின்சாரமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1980-களில் ராணுவப் பணத்தில் இதை உருவாக்கியது. 1992 வரை அது ராணுவ ரகசியம்.

தீயணைப்புக்கு இது வந்த வழி கப்பல். இரும்புப் பெட்டிக்குள் தீப்பிடித்தால் புகை வெளியேற வழி இல்லை. கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தன் கை தெரியாது. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்துப் போரில் ஏவுகணை தாக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டில் நடந்தது அதுதான். கப்பல் தீயில் இந்தக் கேமராவைப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் பிரிட்டிஷ் கடற்படை முக்கியமானது.

கரையில் அதன் அவசியத்தை உணர்த்தியது ஒரு கிடங்கு. 1999 டிசம்பர் 3, அமெரிக்காவின் வூஸ்டர் நகரம். கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு, ஏறக்குறைய ஜன்னலே இல்லாத ஆறு மாடி. உள்ளே வீடற்ற இருவர் இருக்கலாம் என்று கேள்விப்பட்டுத் தேடப்போன இரண்டு வீரர்கள் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடி உள்ளே போன நால்வரும் திரும்பவில்லை. அந்த இருவர் முன்பே வெளியேறியிருந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் தெர்மல் கேமரா வாங்குவது வேகமெடுத்தது. 2010-ல் அதற்கென்று தனித் தரநிர்ணயமே வந்தது.

மட்டாஞ்சேரியின் கோடவுன்கள்

வூஸ்டர் கிடங்கின் படத்தைப் பார்க்கும் கொச்சிக்காரருக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோடு நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் தடித்த சுவர் வைத்த பழைய கோடவுன்கள். மிளகு, சுக்கு, அரிசி, சாக்கு மூட்டை. மேலே மர உத்தரமும் ஓடும். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் அடைத்துக்கொள்ளும் தெரு. இந்த ஊருக்குத் தீயின் நினைவும் உண்டு. 1889 ஜனவரி 4 அன்று, ஃபோர்ட் கொச்சியில் 'சந்திரபானு' என்ற கப்பல் பற்றிக்கொண்டது. மற்ற கப்பல்களையும் கரையையும் காப்பாற்றுவதற்காக அதைக் கட்டறுத்து விட்டார்கள். எரிந்தபடி மிதந்த கப்பல் கரையோரக் கட்டடங்களில் தீயை ஏற்றியது. வணிகக் கிடங்குகளும் சுமார் 300 வீடுகளும் எரிந்துபோயின.

இப்படிப்பட்ட இடத்தில் தெர்மல் கேமராவின் பெரிய உபயோகம், சினிமாவில் காட்டுவதுபோலப் புகைக்குள் பாய்ந்து ஆளைத் தூக்கிவருவது அல்ல. ஜுவாலை அடங்கிய பிறகு வரும் வேலை அது. சாக்கு மூட்டையும் கயிறும் கொப்பரையும் வெளியே ஈரமாக இருந்துகொண்டு உள்ளே மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மர உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கனல் ஒளிந்துகொள்ளும். கேமரா இல்லாத குழு என்ன செய்யும்? சந்தேகப்பட்ட இடமெல்லாம் கோடாரியால் பிளக்கும், ஓட்டைப் பிரிக்கும், சுவர் முழுக்கத் தண்ணீர் அடிக்கும். செய்தாக வேண்டிய வேலைதான். ஆனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், தீ விட்டுவைத்ததைத் தீயணைப்பே உடைக்கும்படி ஆகிறது. எங்கே உடைக்க வேண்டும் என்று திரை காட்டிவிட்டால் மிச்சம் தப்பும். 2019 ஏப்ரல் 15 இரவு பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, அந்த நகரத் தீயணைப்புப் படை ட்ரோனில் பொருத்திய தெர்மல் கேமராக்களை வைத்துத் தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் குழாய்களைத் திருப்பியது. ஆட்களை அனுப்ப முடியாத நடு மண்டபத்துக்குள் 'கொலோசஸ்' என்ற ரோபோ போனது.

கேரளத்தில் கிடங்குத் தீயின் ஆபத்தை உரக்கச் சொன்னது 2023 மே மாதம். அரசு மருத்துவ சேவைக் கழகத்தின் மருந்துக் கிடங்குகள் பத்தே நாளில் மூன்று இடங்களில் எரிந்தன. 17-ம் தேதி கொல்லம், 23-ம் தேதி திருவனந்தபுரம் தும்பா, 27-ம் தேதி ஆலப்புழை. மூன்றிலும் சந்தேகம் விழுந்தது பிளீச்சிங் பவுடர் மீது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானாகவே சூடேறும் பொருள் அது. தும்பாவில் தீயை அணைக்கப்போன வீரர் ஒருவர், சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தார்.

சூடேறிக்கொண்டிருக்கும் மூட்டை அடுக்கைத் தீப்பிடிக்கும் முன்பே காட்டித்தரக்கூடியது இதே தெர்மல் கேமரா. அதற்குத் தீயணைப்பு வீரரே வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு சுற்று வந்தால் போதும். மின்வாரியங்கள் துணைமின் நிலையங்களில் தளர்ந்த இணைப்பைக் கண்டுபிடிக்க இதைத்தான் செய்கின்றன. அணைக்கப் பயன்படுவதைவிட, பற்றாமல் பார்த்துக்கொள்ளவே இந்தக் கருவி அதிகம் உதவும். ஆனால் பற்றாத தீக்குச் செய்தியில் இடமில்லை, பட்ஜெட்டிலும் இடம் குறைவு.

கண்ணாடிக்கு இப்பால் மட்டும்

தெர்மல் கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பார்க்காது. அது காட்டுவது பொருளின் மேற்பரப்புச் சூட்டை மட்டும். சுவருக்குப் பின்னால் தீ இருந்தால், அந்தச் சூடு சுவரைக் கடந்து இந்தப் பக்கம் வந்த பிறகுதான் திரையில் தெரியும். பிரம்மபுரத்தின் குப்பைக்கும் இதே விதி. ஆழத்தில் இருக்கும் கனல், மேல்மண்ணைச் சூடாக்கும் வரை ட்ரோனின் கண்ணுக்கு இல்லை. அதனால்தான் ஹிட்டாச்சி தோண்ட வேண்டியிருந்தது. முதலில் தோண்டி, பிறகு கேமராவில் பார்த்து, மறுபடி தோண்ட வேண்டும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட இந்தக் கதிருக்குச் சுவர்தான். கேமராவின் லென்ஸ் கண்ணாடியில் செய்யப்படாமல் ஜெர்மானியத்தில் செய்யப்படுவதற்கும், அதனால் விலை ஏறுவதற்கும் அதுவே காரணம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால் தெரியாது. பார்ப்பவரின் சொந்த உருவம்தான் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் தெரியும். புகைக்குள் பதறிக்கொண்டிருக்கும் புதியவர், எதிரே யாரோ நிற்பதாக நினைத்துக் கத்துவார். பளபளக்கும் எவர்சில்வரும் அலுமினியத் தகடும் இன்னொரு வகை ஏமாற்று. கொதிக்கும் பாத்திரம் குளிர்ந்ததுபோல் தோன்றும். திரையின் ஓரத்தில் காட்டும் எண், காற்றின் சூடு அல்ல. நடுப்புள்ளி எந்தப் பரப்பில் விழுகிறதோ அதன் சூடு. அதை நம்பி உள்ளே காலெடுத்து வைத்தவரின் தலைக்கு மேல் கூரையை ஒட்டிய புகை, அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றும் நிலைக்கு வந்திருக்கலாம்.

குளிர்நாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் நம் ஊர்களில் உண்டு. அது நம் வெயில். ஐரோப்பாவின் குளிரான இரவில் மனித உடல் கருப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒளிரும். கொச்சியின் ஏப்ரல் மதியத்தில் சிமென்ட் தரையின் சூடு மனிதத் தோலின் சூட்டை எட்டிவிடும். அதன் மேல் மயங்கிக் கிடப்பவர் திரையில் கரைந்துபோவார். வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் கிடந்தால், அவர்தான் கருப்பாகத் தெரிவார். எரியும் கட்டடத்துக்குள்ளும் சுவர்கள் உடம்பைவிடச் சூடேறிய பிறகு இப்படித்தான். வெள்ளை உருவத்தையே தேடிக்கொண்டிருப்பவர் கருப்பாகக் கிடப்பவரைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

தண்ணீர் இன்னொரு மூடிய கதவு. சுற்றிலும் காயல் உள்ள கும்பளங்கி போன்ற ஊருக்கு இது முக்கியம். இரவில் படகு கவிழ்ந்து, ஒருவர் தலையை நீருக்கு மேல் வைத்து மிதந்தால், அந்தத் தலை திரையில் புள்ளியாகத் தெரியும். கரையிலிருந்தோ ட்ரோனிலிருந்தோ நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். ஒரு சாண் ஆழம் மூழ்கிவிட்டால் கேமராவுக்கு அவர் இல்லை. 2023 மே 7 அன்று மாலை இருட்டில் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கவிழ்ந்த படகுக்குள் சிக்கியவர்களைத் தேட, நீரில் இறங்கும் கைகள் மட்டுமே உதவும். கேரளத் தீயணைப்புத் துறை நீர்மீட்புக்கும் முக்குளிப்புக்கும் ஃபோர்ட் கொச்சியில் தனிப் பயிற்சி மையம் நடத்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மண்ணுக்கு அடியில்

மண்ணும் அப்படியே. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்த பிறகு, தேடலுக்கு வராத கருவி இல்லை என்று சொல்லலாம். ட்ரோன்கள், ராணுவம் வரவழைத்த ரேடார்கள், மோப்ப நாய்கள் எல்லாம் இறங்கின. ஆகஸ்ட் 2-ம் தேதி, முண்டக்கையில் இடிந்த கட்டடம் ஒன்றின் அடியில் மூச்சுவிடுவது போன்ற சலனத்தை ரேடார் காட்டியது. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, மாலை தாண்டியும் தோண்டினார்கள். யாரும் இல்லை. ரேடார் சலனத்தைத் தேடுகிறது. தெர்மல் கேமரா சூட்டைத் தேடுகிறது. சில அடி ஈரச் சேறு மூடிய உடலிலிருந்து சூடு மேலே வராது. அந்த இடத்தில் நாயின் மூக்குக்கு ஈடு இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகில் பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் மாண்டபோது, ஒரு குழந்தையின் உடலை ஆற்றோரம் கண்டுபிடித்தது எந்தப் பயிற்சியும் பெறாத 'குவி' என்ற வீட்டு நாய். அந்தக் குழந்தையோடு விளையாடி வளர்ந்தது அது.

கருவி எங்கே பலனளிக்கும் என்று தெரிந்து வைத்த இடத்தில் கதை வேறு மாதிரி. கேரளத்தை நோக்கிப் போகும் ரயில் பாதையில், கோவை மதுக்கரை அருகே 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. தமிழ்நாடு வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் தெர்மல் கேமரா வைத்து, 2024 பிப்ரவரியில் கண்காணிப்பைத் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகிறது. இருட்டிலும் தெரியும் பெரிய உடம்பு, திறந்த வெளி, குறிப்பிட்ட பாதை. தெர்மல் கேமராவுக்கு இதைவிட வசதியான வேலை இல்லை.

இந்தக் கருவிக்கு வசதியான இன்னொரு வேலை கப்பல் தீ. அது இன்று கேரளக் கடற்கரையின் கவலையும்கூட. 2025 ஜூன் 9 அன்று, கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போய்க்கொண்டிருந்த 'வான் ஹை 503' சரக்குக் கப்பல் கேரளக் கடலில் பற்றிக்கொண்டது. 22 பேரில் 18 பேர் மீட்கப்பட்டார்கள். நான்கு பேரைக் காணவில்லை. கன்டெய்னர்களுக்குள் இருக்கும் தீ வாரக்கணக்கில் அடங்காது என்பதை அந்தக் கப்பல் காட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' எரிந்தபோதும் அப்படித்தான். எந்தப் பெட்டி சூடேறுகிறது, கப்பலின் எந்தப் பக்கத் தகட்டை முதலில் குளிர்விக்க வேண்டும் என்று தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்ல இரும்புத் தகடு வசதியான பரப்பு. தடித்த சுவரைப்போல அது சூட்டை மறைத்து வைக்காது. சமையல் எரிவாயு டேங்கர் லாரி கவிழ்ந்தாலும் இதே உபயோகம். திரவம் நிற்கும் மட்டம் வரை ஒரு சூடு, அதற்கு மேல் ஒரு சூடு; எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே கோடு போட்டதுபோல் தெரியும். 2012-ல் கண்ணூர் சாலையில் டேங்கர் வெடித்து 20 பேர் இறந்த மாநிலத்தில், இந்த ஒரு கோடு எத்தனை அடி தள்ளி நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

டெண்டரில் ஒரு வரி

தீயணைப்புக்கு ஏற்ற ஒரு நல்ல தெர்மல் கேமராவின் விலை லட்சங்களில். மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. எனவே பணம் அறவே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. கேள்வி எதை வாங்குவது என்பதில் இருக்கிறது. இணையத்தில் செல்போனில் செருகும் தெர்மல் கேமரா சில பத்தாயிரங்களுக்குக் கிடைக்கிறது. அவற்றில் பல நொடிக்கு 9 படங்களுக்கும் குறைவாகவே எடுப்பவை. அதற்கு மேல் வேகம் போனால் அமெரிக்காவின் ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு வருகிறது. மின்பெட்டியைச் சோதிக்க இந்தக் குறைந்த வேகமே போதும். புகைக்குள் தவழ்ந்துகொண்டே தலையைத் திருப்புகிறவருக்கு, திரை விட்டுவிட்டு நகர்ந்தால் தலை சுற்றும், திசை தவறும். தீயணைப்புக் கேமரா வேகமாகவும் வேண்டும். சூட்டில் உருகாத, தண்ணீர் புகாத, கையுறை போட்ட விரலால் ஒரே பொத்தானை அழுத்தி இயக்கக்கூடிய கருவியாகவும் இருக்க வேண்டும். டெண்டரில் 'தெர்மல் கேமரா, எண்ணிக்கை இத்தனை' என்று மட்டும் எழுதினால் எது வந்து சேரும் என்பது எல்லா அரசு அலுவலகங்களுக்கும் தெரியும்.

அதைவிட விலையுயர்ந்தது பயிற்சி. மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, சுவரில் இடது கையை வைத்து, தவழ்ந்து, கயிற்றை விடாமல் உள்ளே போவது தீயணைப்பின் அரிச்சுவடி. கேமரா கையில் வந்ததும் வீரர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் சொல்லும் புகார். எல்லாம் தெரிகிறதே என்ற தைரியம் அது. பாட்டரி தீர்ந்த நிமிடம், தாங்கள் எந்தக் கதவு வழியாக வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் நல்ல பயிற்சியில் கேமராவைப் பாதி வழியில் அணைத்துவிட்டு, 'இப்போது வெளியே வா' என்பார்கள். நின்று, கூரையிலிருந்து தரை வரை ஒருமுறை துழாவி, பிறகு கேமராவைத் தாழ்த்திவிட்டு நகர வேண்டும். நடந்துகொண்டே திரையைப் பார்க்கக் கூடாது. கேரளத்துக்குத் திருச்சூர் வியூரில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாட்டுக்குத் தாம்பரத்தில், நாட்டுக்கே பொதுவாக நாகபுரியில். புகை நிறைந்த கூடத்தில் மாதம் ஒருமுறையாவது புழங்காத கேமரா, நிலைய அலமாரியில் உறை பிரியாமல் இருக்கும்.

இன்னொரு நடைமுறைச் சங்கடம், கேமரா எந்த நிலையத்தில் இருக்கிறது என்பது. தலைமை நிலையத்தில் ஒன்று வைத்து, தேவைப்படும்போது அனுப்புவது கணக்குக்கு அழகு. ஆனால் ஆளைத் தேடும் வேலையில் முதல் பத்து நிமிடம்தான் எல்லாம். கொச்சியின் பாலங்களில் மாலை நெரிசலைத் தாண்டி மட்டாஞ்சேரிக்கு ஒரு வண்டி வந்துசேர அதற்கு மேல் ஆகும். முதலில் கிளம்பும் வண்டியில் இல்லாத கேமரா, அணைத்த பிறகு கனல் தேடும் வேலைக்குத்தான் உதவும்.

அந்த வேலைக்கும் நேரம் பார்க்க வேண்டும். பகல் வெயில் பட்ட குப்பைமேடு முழுவதும் திரையில் வெள்ளையாகத்தான் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கும் பழைய டயரும் கனல் போலவே மின்னும். சூரியன் ஏற்றிய சூடு இரவெல்லாம் இறங்கி, உள்ளிருந்து வரும் சூடு மட்டும் தனியாகத் தெரிவது விடிவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில். குப்பைக் கிடங்குகளில் கனலைக் கண்காணிக்கும் குழுவுக்கு ட்ரோன் ஓட்டும் பணிநேரம் காலை நான்கு மணிக்குத் தொடங்க வேண்டும். ஹிட்டாச்சி ஓட்டுநரும் அப்போதே வந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு வந்து பறக்கவிட்டால் கிடைக்கும் படம் அறிக்கையில் ஒட்டத்தான் ஆகும்.